வஞ்சிரத்தைத் திருப்பித் தந்தவருக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் ஹைன்ஸ் கியூஸ்ட்னர் அவர்களுக்கு,

உங்களுக்கு மீன் ஆகாது, எனக்கு இறால் ஆகாது. அந்த உறவில்தான் இந்தக் கடிதம். நடுவில் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நீங்கள் இருந்த ஜெர்மானிய நகரம் பிரெஸ்லாவ், இப்போது விரோத்ஸ்வாஃப் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. கடிதம் உங்கள் கைக்கு வராது என்பது தெரியாமல் இல்லை. உங்கள் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் உங்களால் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அலர்ஜிக்காரர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

1921-ல் நீங்கள் செய்த காரியத்தை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சமைத்த மீன் வயிற்றுக்குள் போனால் உங்களுக்கு அரிப்பு, தும்மல், இருமல், வாந்தி. உங்களோடு ஆய்வில் இருந்த கார்ல் பிராவுஸ்னிட்ஸ் எவ்வளவு மீன் தின்றாலும் கல்லுப் போல இருப்பார். ஆனால் புல் பூக்கும் காலம் வந்தால் அவருக்கு மூக்கும் கண்ணும் ஆறாகும். உங்கள் ரத்தத்தையும் மீன் சாற்றையும் சேர்த்துச் சோதனைக் குழாயில் பார்த்ததில் எதுவும் பிடிபடவில்லை. பிறகு உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை ஒரு துளியளவு பிராவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு. சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. மீனால் எந்தத் தொந்தரவும் இல்லாத மனிதரின் வயிற்றில், ஒரு காசளவு இடம் மட்டும் உங்கள் தோலாகிவிட்டது.

இப்போது இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டால் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி முகத்தில் எறியும். ஆனால் அலர்ஜி என்பது மனப்பிரமையோ வயிற்றுக் கோளாறோ அல்ல, ரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒன்றின் வேலை என்று அதில்தான் தெளிவாக நிரூபணமானது. அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்று தெரியாமலே மருத்துவ உலகம் அதற்கு ரீஜின் என்று பேர் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வருடம் ஓட்டியது. 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும் அதைப் பிடித்தார்கள். அவர்களும் உங்கள் வழியில்தான் போனார்கள், சொந்த முதுகிலேயே ஊசி குத்திப் பார்த்து. மறு வருடம் சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் ஒரு புற்றுநோயாளியின் ரத்தத்தில் வேறு வழியாக அதே பொருளைச் சென்றடைந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று ஒப்பிட்டுப் பார்த்து 1968-ல் பேர் வைத்தார்கள்: இம்யூனோகுளோபுலின் இ, சுருக்கமாக ஐஜிஇ. உங்கள் சோதனைக் குழாய் ஏன் பேசவில்லை என்பதும் அப்போது விளங்கிற்று. ரத்தத்தில் ஐஜிஜி என்ற சாதாரண எதிர்ப்புப் புரதம் இருக்கும் அளவோடு பார்த்தால் இது பல்லாயிரம் மடங்கு குறைவு. ஆனால் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கிற மாஸ்ட் செல்கள் மேல் இது போய் ஒட்டிக்கொள்கிறது. ஆகாத புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் எல்லாம் அதன் பின்விளைவு. குழாயில் கண்ணுக்குத் தெரியாத அளவு, தோலில் தடிப்பாகத் தெரிந்தது அதனால்தான்.

இனி என் கதை. அதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று சொல்ல வேண்டும்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்து. இலையில் வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முட்டை எல்லாம் இருந்தன. கை கழுவிவிட்டு வந்து உட்காரும்போதே உள்ளங்கை அரித்தது. பிறகு உதடு தடித்தது, குரல் கம்மியது, உடம்பெங்கும் திட்டுத் திட்டாக எழும்பியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு குடும்ப நீதிமன்றம் கூடி, இலையில் இருந்த எல்லாவற்றையும் தண்டித்தது. மீன் கூடாது, இறால் கூடாது, நண்டு கூடாது, கருவாட்டுப் பேச்சே கூடாது. கத்திரிக்காய் கரப்பான் பண்டம், அது எப்போதுமே கூடாது என்று பெரியம்மா சேர்த்துக்கொண்டார். கடலோரத்தில் பிறந்தவளுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போதாததற்கு ஒரு பரிசோதனைக் கூடத்தின் ‘முழு உணவு அலர்ஜி பேக்கேஜ்’ வேறு எடுத்தோம். வண்ண வண்ணமாக ஒரு புத்தகமே வந்தது. அரிசி மஞ்சள், பால் சிவப்பு, கோதுமை சிவப்பு, துவரம்பருப்பு மஞ்சள். தயிர்சாதம் சாப்பிடலாமா என்பதே சந்தேகம் ஆகிவிட்டது. அதில் அவர்கள் அளந்தது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் அடிக்கடி சாப்பிடுகிற எதற்கும் ஐஜிஜி இருக்கும். அது சாப்பிட்டதற்கான ரசீது, அவ்வளவுதான். அலர்ஜியைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. விற்பனை மட்டும் நிற்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த வண்ணப் புத்தகத்தை நம்பிக் குழந்தைக்குப் பாலை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்த டாக்டரம்மா அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேசை ஓரமாகத் தள்ளிவிட்டு, “நடந்ததைச் சொல்லுங்க. இலையில முதல்ல எதை எடுத்தீங்க?” என்றார். அங்கே ஆரம்பித்த விசாரணை நிற்கவே இல்லை. சாப்பிட்டு எத்தனை நிமிஷத்தில் அரித்தது? எங்கே முதலில் அரித்தது? எவ்வளவு நேரம் இருந்தது? அன்றைக்குத் தலைவலி, கால்வலி என்று மாத்திரை ஏதாவது போட்டீர்களா? சாப்பிட்டதும் ஓட்டம், நடை ஏதாவது? சிலருக்கு வெறும் கோதுமை ஒன்றும் செய்யாது; கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால்தான் மயங்கி விழுவார்கள் என்று இடையில் ஒரு விளக்கம். வலி மாத்திரையும் அப்படித் தூண்டிவிடுமாம்.

அடுத்த கேள்வி எனக்கு விளங்கவில்லை. “பந்தியில உங்களோட உக்காந்த வேற யாருக்காவது உடம்பு சிவந்துச்சா?” இல்லை என்றேன். காரணத்தை அவரே விளக்கினார். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் மீன் சதையிலேயே ஹிஸ்டமின் ஊறிவிடும்; அதைத் தின்கிற பல பேருக்கும் முகம் சிவக்கும், அரிக்கும், தலை இடிக்கும். பார்த்தால் அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனால் அது கெட்டுப்போன மீனின் நஞ்சு. ஒரு பந்தியில் ஒருத்திக்கு மட்டும் வந்தால் வழக்கு வேறு. இந்த ஒரு கேள்விக்குச் செலவு எதுவும் கிடையாது, எந்த மெஷினும் இதைக் கேட்காது.

கத்திரிக்காயையும் விசாரித்தார். சாப்பிட்டால் நாக்கு நமநமக்கும் என்றேன். உடம்பு தடிக்குமா? இல்லை. கத்திரிக்காயிலேயே ஓரளவு ஹிஸ்டமின் உண்டு, சிலருக்கு அதனால் வாய் அரிக்கும் என்றார். கத்திரிக்காய்க்கு உண்மையான அலர்ஜி உள்ளவர்களும் இருக்கிறார்கள். மைசூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியம்மாவின் பட்டியல் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க மெய்யும் இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

பிறகு ஒரு கேள்வி கேட்டார், அதற்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம். “விலக்கி வெச்ச பிறகு, மீன் பொரிச்ச எண்ணெயில பொரிச்ச அப்பளம் எப்பவாவது சாப்பிட்டிருக்கீங்களா?” அம்மா வீட்டில் எத்தனையோ தடவை. ஒன்றும் ஆனதில்லை. அவர் பேனாவால் எதையோ வட்டமிட்டார். இறால் வேகிற வீட்டுக்குள் போனால்? மூக்கு அடைக்கும், கண் அரிக்கும். அங்கே இரண்டு வட்டம்.

டாக்டர் கியூஸ்ட்னர், உங்கள் 1921 கட்டுரையில் உங்கள் மீன் உபாதையை நீங்களே வரிசையாக எழுதி வைத்தீர்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் இந்த விசாரணையை நினைக்கிறேன். ஊசி எடுப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஊசி நாளுக்கு முன்பு ஒரு வாரம் செட்டிரிசின், அவில் போன்ற மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். அவை உடம்பில் இருந்தால் தோல் வாய் திறக்காது. வரும்போது டிபன் டப்பாவில் ஒரு பச்சை இறால், ஒரு வெந்த இறால், வஞ்சிரத் துண்டு, கத்திரிக்காய்க் கீற்று கொண்டுவரச் சொன்னார். நாற்றத்தோடு ஷேர் ஆட்டோவில் போனேன்.

முன்கையின் உட்புறத்தைத் துடைத்து, பேனாவால் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு குறி வைத்தார்கள். ஒவ்வொரு குறியிலும் ஒவ்வொரு சாறு, ஒரு சொட்டு: தூசி உண்ணி, கரப்பான் பூச்சி, சீமைக் கருவேல மகரந்தம், முட்டை, நிலக்கடலை என்று. சொட்டின் வழியாக ஒரு குட்டி முனை தோலின் மேல்படலத்தை மட்டும் குத்துகிறது. ரத்தம் வரக்கூடாது. நான் கொண்டுபோன டப்பாச் சரக்குக்கு வேறு முறை: முனையை முதலில் இறாலில் குத்தி, அதே முனையால் என் கையில் குத்தினார்கள். கடையில் வரும் சாறுகளில் சில புரதங்கள் சிதைந்துபோயிருக்கும், அவரவர் வீட்டுச் சமையல் பொய் சொல்லாது என்பது கணக்கு. இவற்றோடு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று வெறும் உப்புநீர். அதற்கே தடித்தால் அது கீறினாலே தடிக்கிற தோல், சோதனை செல்லாது. இன்னொன்று ஹிஸ்டமின், அது தடிக்காவிட்டால் மாத்திரையின் மிச்சம் உடம்பில் இருக்கிறது, அப்போதும் செல்லாது. பக்கத்துத் தட்டில் அட்ரினலின் எடுத்துவைக்கப்பட்டிருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் யாராவது உங்கள் கையில் குத்தினால் எழுந்து வந்துவிடுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்வேன்.

பதினைந்து இருபது நிமிடம் கையைச் சொறியாமல் உட்கார்ந்திருப்பதுதான் சோதனையிலேயே கஷ்டமான பகுதி. உப்புநீர் அமைதி. ஹிஸ்டமின் ஒரு கொசுக்கடி. இறால், பச்சையும் வெந்ததும், கால் முளைத்துப் பரந்து நின்றன. வஞ்சிரம் இருந்த இடத்தில் பேனாக் குறி மட்டும். கத்திரிக்காய் அப்படியே. நர்ஸ் ஒவ்வொரு தடிப்பின் ஓரத்தையும் பேனாவால் வரைந்து, அதன் மேல் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து என் கோப்பில் ஒட்டினார். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் ‘பாசிட்டிவ்’. என் இறால் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது.

தூசி உண்ணிக்கும் கரப்பான் பூச்சிக்கும் தடித்திருந்தது. இறாலுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். இறால், நண்டு, கரப்பான், உண்ணி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே சாயலில் இருக்கிறது. மீனில் அலர்ஜி தருவது பெரும்பாலும் பார்வால்புமின் என்ற வேறு புரதம். (உங்களை வாட்டியதும் அதுவாக இருக்கலாம், வேக வைத்தாலும் சாகாத புரதம் அது.) கடலில் இருந்து வருகிறது என்பதற்காக மீனையும் இறாலையும் ஒரே கூண்டில் ஏற்றியது எங்கள் குடும்ப நீதிமன்றம், என் உடம்பு அப்படி ஏற்றவில்லை.

நிலக்கடலைக்கும் சின்னதாக ஒரு தடிப்பு இருந்தது. எனக்குப் பகீரென்றது. டாக்டரம்மா கேட்டார்: “கடலை மிட்டாய் சாப்பிடுறீங்களா?” தினமும். “அப்ப தொடர்ந்து சாப்பிடுங்க.” தோலோ ரத்தமோ பாசிட்டிவ் காட்டுவது, உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி, அதைச் சாப்பிட்டால் எதிர்வினை வரும் என்பதற்கு அல்ல. மான்செஸ்டரில் 8 வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள்: நிலக்கடலைக்குப் பாசிட்டிவ் காட்டிய பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே கடலை அலர்ஜி இருந்தது. மிச்சப் பேர் சாப்பிடலாம். (மான்செஸ்டரில்தான் உங்களுக்கும் மூத்தவர் சார்ல்ஸ் பிளாக்லி இருந்தார். தன் தோலைக் கீறி மகரந்தத்தைத் தேய்த்துப் பார்த்தவர், பட்டத்தில் பிசின் தடவிய கண்ணாடி கட்டி வானத்தில் மகரந்தம் பிடித்தவர். அவர் புத்தகம் வந்தது 1873-ல். சொந்தத் தோலில் கை வைக்கிற இந்தத் துறையின் பழக்கத்துக்கு அவர்தான் பிள்ளையார் சுழி.) டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: தடிப்பு பெரிதாக இருந்தால் அலர்ஜி இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அடுத்த தடவை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது. ரத்தத்தில் ஐஜிஇ எண்ணும் அப்படித்தான். தோல் முழுக்கப் படை இருக்கிறவர்களுக்கும் மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும் அந்த ரத்தச் சோதனைதான் கை கொடுக்கிறது. அதன் முதல் வடிவம் வந்தது 1967-ல், ஐஜிஇயைக் கண்டுபிடித்த அதே உப்சாலாவிலிருந்து.

வஞ்சிரம் நெகட்டிவ். ஆனாலும் அன்று இலையில் இறாலோடு அதுவும் இருந்ததால், மேற்பார்வையில் சாப்பிட்டுக் காட்டாமல் விடுதலை இல்லை என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, நரம்பில் ஊசிவழி வைத்து, மசாலா எதுவும் இல்லாமல் ஆவியில் வெந்த மீனைக் கொண்டுவந்தார்கள். மசாலா இருந்தால், ஏதாவது ஆனால் எதனால் ஆனது என்று தெரியாது. முதலில் கடுகளவு. உதட்டைப் பார்த்தார்கள், மூச்சைக் கேட்டார்கள். சற்று இடைவெளி விட்டுக் கொஞ்சம் கூட. மறுபடி கூட. ஒரு முழுத் துண்டு உள்ளே போகும்வரை இப்படியே. முடிந்த பிறகும் மணிக்கணக்கில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். ஆராய்ச்சிக்கென்றால் இதைவிடக் கறாராகச் செய்வார்களாம்: கொடுப்பது மீனா வெறும் மாவா என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பயமே பாதி அரிப்பை உண்டாக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. அத்தனை எந்திரங்கள் வந்த பிறகும் உணவு அலர்ஜியில் கடைசித் தீர்ப்பு, சாப்பிட வைத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. உப்பு உறைப்பு இல்லாத அந்த வெள்ளை மீனைப் போல ருசியான ஒன்றை நான் அண்மையில் சாப்பிட்டதில்லை.

இறாலுக்கு விடுதலை கிடையாது. பெரியவர்களுக்கு வருகிற இறால் அலர்ஜி பொதுவாக லேசில் போவதில்லை. பையில் அட்ரினலினும் சிரிஞ்சும் வைத்திருக்கிறேன். வெளிநாடுகளில் கிடைப்பது போன்ற தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி எங்கள் மருந்துக்கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. தொடையின் வெளிப்பக்கம், தசையில், அரை மில்லி. யோசித்துக்கொண்டு நிற்காமல் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. சிமென்ட் வேலை பார்க்கிற கொத்தனார்களின் கை வெடித்துப் புண்ணாவது, தலைச்சாயத்தால் காதோரம் கசிவது, பார்த்தீனியச் செடியால் முகம் கறுத்துத் தடிப்பது, இதற்கெல்லாம் முனை குத்திப் பார்ப்பதில் பயன் இல்லை. அது ஐஜிஇ வேலை அல்ல, மெல்ல வருகிற எதிர்வினை. அதற்கு முதுகில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி இரண்டு நாள் விட்டு, எடுத்துப் பார்த்து, மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்க்கிறார்கள். அந்த முறையை 1895-ல் அறிமுகம் செய்த யோசெஃப் யாதசோனும் பிரெஸ்லாவ்காரர்தான். நீங்கள் அங்கே இருந்த காலத்தில் அவர் அங்கே தோல் மருத்துவப் பேராசிரியர்.

உங்கள் பெயரிலும் பிராவுஸ்னிட்ஸ் பெயரிலும் வழங்கிய அந்தச் சோதனையை இப்போது மனிதர்களிடம் செய்வதில்லை. பச்சைக் குழந்தைக்கு அலர்ஜி பார்க்க அம்மாவின் தோலைக் கடன் வாங்கிப் பல வருடம் செய்துகொண்டிருந்தார்கள். ரத்தத்தோடு மஞ்சள்காமாலைக் கிருமியும் போய்விடும் என்ற பயத்தால் நிறுத்தினார்கள். உங்கள் நண்பர் பிராவுஸ்னிட்ஸ், ஹிட்லர் வந்த பிறகு ஜெர்மனியை விட்டு வெளியேறி, இங்கிலாந்தில் வைட் தீவில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்தார். தன் வயிற்றைக் கொடுத்த அந்த மனிதரிடமும் என் நன்றியைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து என் அக்கா மகன் முறை. அவன் கோப்பில் சிறு வயதிலிருந்தே சிவப்பு மையில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று இருக்கிறது. அதனால் சின்னக் காய்ச்சலுக்கும் விலை கூடிய பெரிய மருந்துதான். இப்படிப் பட்டம் கட்டப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெனிசிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்று டாக்டரம்மா சொல்லி, முதலில் அவன் அம்மாவை நடந்ததை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அக்கா மூன்று நாளாக ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்: அப்போது எந்த மருந்து, எத்தனையாவது வேளையில் தடிப்பு வந்தது, அரித்ததா, மூச்சு வாங்கியதா, அந்த வாரம் தெருவில் வேறு பிள்ளைகளுக்கும் அம்மை மாதிரி ஏதாவது இருந்ததா. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளப் பழைய பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்போதுதான் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் அலர்ஜிக்காரி